தெற்கு, தெற்கு என்கிறவர்கள் நிழலை ஏன் பார்ப்பதில்லை?

வீட்டு மாடியில் சோலார் வைக்க வேண்டும் என்று சேலத்தில் யாரிடம் விலை கேட்டாலும், வந்து நிற்பவர் முதலில் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறக்கிறார். "தெற்கு பார்த்து வைக்கலைன்னா யூனிட்டே வராதுங்க" என்று அடித்துச் சொல்கிறார். பிறகு, தெற்கு நோக்கித் திருப்பி உயர்த்திய இரும்புச் சட்டத்துக்கென்று கூடுதலாக 25,000 ரூபாயை எழுதி நீட்டுகிறார். மாடியில் என்னென்ன நிற்கின்றன, அவற்றின் நிழல் எந்த மாதம் எந்த நேரம் எங்கே விழும் என்பதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

சேலம் இருப்பது ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சரேகையில். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கேதான் இருக்கிறது. தெற்கு என்னும் விதி டெல்லிக்குப் பெரிதும் பொருந்தும், ஜெர்மனிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அங்கெல்லாம் உச்சிச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சரிந்தே இருக்கிறது. இங்கே 10 பாகை சாய்வில் சோலார் பலகையைக் கிழக்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ வைத்தால், தெற்கோடு ஒப்பிடும்போது ஆண்டு உற்பத்தியில் குறைவது 3 அல்லது 4 சதவீதம்தான். வடக்கு நோக்கி வைத்தால்கூட, சாய்வு குறைவாக இருக்கும்வரை, இழப்பு 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மூன்று கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 4 சதவீதம் என்பது அரை யூனிட்கூட இல்லை. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் வரும். அந்த ஆயிரத்தைப் பிடிக்க 25,000 ரூபாய்க்கு இரும்பை வாங்கு என்கிறார்கள். பலகைக்கு அவர்கள் தரும் உத்தரவாதமே 25 ஆண்டுகள்தான்!

உண்மையில் யூனிட்டை விழுங்குவது நிழல். நம் ஊர் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? கன்னி மூலையில். வாஸ்துப்படி தென்மேற்குதான் உயரமாக இருக்க வேண்டும் என்று, மாடிப்படி அறையையும் அங்கேயே கட்டி, அதன் தலையில் தொட்டியையும் ஏற்றி வைக்கிறோம். அறையும் தொட்டியுமாக 14 அடி உயரம் என்றால், மார்கழி மாதம் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு அதன் நிழல் வடகிழக்காக ஏறத்தாழ 20 அடி நீளும். பல வீடுகளில் பலகை வைக்க மிச்சமிருக்கும் இடமும் அதுதான். அந்த வாஸ்துவை நான் குறை சொல்ல வரவில்லை; கட்டியது கட்டியதுதான். ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன என்பது தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா என்பதே என் கேள்வி.

அம்மாப்பேட்டையில் என் அக்கா வீட்டில் நடந்ததும் இதுவே. வரிசை வீடு, பக்கச் சுவர் பொதுச் சுவர். இடம் பார்க்க வந்தவர், நிழல் காலடியில் சுருங்கிக் கிடக்கும் உச்சி வேளையில் வந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பலகைகள் அச்சுப் பிசகாமல் தெற்கு நோக்கி நிற்கின்றன. ஐப்பசி தொடங்கியதும், பிற்பகல் இரண்டரை தாண்டிய உடனே தொட்டியின் நிழல் கீழ் வரிசைப் பலகைகளின் ஓரத்தில் ஏறுகிறது. செயலியில் உற்பத்திக் கோடு சட்டென்று சரிகிறது. மாமா தொலைபேசியில் முறையிட்டால், "மேகமா இருக்கும்ங்க" என்று பதில். நிழல் விழ வேண்டுமென்றால் வெயில் அடித்தாக வேண்டும் என்பதுகூடவா புரியாது?

பலகைகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு பலகையின் ஓரத்தில் விழும் சிறு நிழல்கூட, அது விழும் இடத்தைப் பொறுத்து, அந்தப் பலகையின் மூன்றிலொரு பங்கையோ முழுப் பலகையையுமோ முடக்கிவிடும். நிழல் தவிர்க்க முடியாத மாடி என்றால், பலகை தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைச் சிறிதாக, பலகைக்கு ஒன்றாக (மைக்ரோ இன்வெர்ட்டர்) வைக்கலாம்; ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றதைத் தொடாது. கிழக்கில் பாதியும் மேற்கில் பாதியும் பிரித்து, இரண்டு தனி உள்ளீடுகள் கொண்ட இன்வெர்ட்டரில் தனித்தனி வரிசையாக இணைக்கலாம். இந்த வழிகளை என்னிடம் விலை சொன்னவர்களில் ஒருவர்கூட வாயெடுத்துச் சொல்லவில்லை, நானாகக் கேட்டபோதும் "அதெல்லாம் வேண்டாங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

ஏற்காட்டில் இன்னும் மோசம். அங்கே ஓட்டுக் கூரையே சரிவாக இருக்கிறது. கிழக்கும் மேற்குமாகச் சரிந்த கூரையின் மேல் அதே சரிவில் பதித்துவிட்டால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு, ஓட்டின் மேல் கோபுரம்போல் இரும்பை நிறுத்தித் தெற்கே திருப்ப வேண்டும் என்று ஒருவர் என் நண்பரிடம் சாதித்திருக்கிறார். மலைக்காற்று அந்த உயரத்தில் என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. காலைப் பனிமூட்டத்தையும், தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் கூரை மேல் போடும் நிழலையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை.

இந்த அலட்சியத்துக்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் கிலோவாட் கணக்கில்தான் வருகிறது: இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு ரூ. 30,000, மூன்றாவதற்கு ரூ. 18,000, ஆக உச்சவரம்பு ரூ. 78,000. நிழலில் கிடக்கும் பலகைக்கும் வெயிலில் காயும் பலகைக்கும் அதே தொகைதான். மாட்டியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மாதத்துக்கொரு முறை மின்கட்டணத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைப்பது வீட்டுக்காரர்.

என்னிடம் வந்த விலைப்பட்டியல்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன். காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாடியேறி, டேப் பிடித்துத் தொட்டியின் உயரத்தை அளந்து, மார்கழி நிழல் எதுவரை வரும் என்று தரையில் கோடு போட்டுக் காட்டி, மாதவாரியாக எத்தனை யூனிட் கிடைக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் முன்பணம் தருவேன்.