திரை வந்துவிட்டது, பிள்ளைகள் எப்போது பேசுவார்கள்?

பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால் கொளத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை எந்த விளம்பரத் தட்டியைப் பார்த்தாலும் 'டிஜிட்டல் வகுப்பறை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெற்றோர்களை அழைத்துப் போய் முதலில் காட்டுவதே சுவரை அடைத்து நிற்கும் அந்தத் திரையைத்தான். அரசுப் பள்ளிகளும் பின்தங்கிவிடவில்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, அதன்பின் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி, தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர் கையில் கைக்கணினி என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன. வடசென்னையில் அறிவியல் ஆசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு இதெல்லாம் மகிழ்ச்சிதான். எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை ஏங்கிய பொருள்கள் இவை.

ஆனால் ஒரு கேள்வியை யாருமே கேட்பதில்லை. திரை வந்த பிறகு அந்த வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் முன்பு செய்ததையே செய்கிறார்கள். கை கட்டி உட்கார்ந்து முன்னால் பார்க்கிறார்கள். கரும்பலகையில் ஆசிரியர் படம் வரைந்துகொண்டிருந்த நேரத்திலாவது பக்கத்துப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்க இடம் இருந்தது. இப்போது காணொளி நிற்காமல் ஓடுகிறது. அது முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது மிஸ்" என்று நாற்பது குரல்கள் சேர்ந்து ஒலிக்கின்றன. 'மாணவர் மையக் கற்றல்' என்று நாம் பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். அறையின் மையத்தில் இருப்பது திரை. ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பை மாற்றும் என்று நம்பி வாங்கிய கருவி, அந்த வகுப்பை இன்னும் உறுதியாக்கிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

நான் சொல்வதை விளக்க ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, மின்னோட்டம். ஒரு மின்கலம், அதோடு ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில், ஒரே மாதிரியான இரண்டு சிறிய பல்புகள். எது அதிகப் பிரகாசமாக எரியும்? முதல் பல்பா, இரண்டாவதா, இரண்டும் சமமா, இரண்டுமே எரியாதா?

என் வகுப்பில் ஆளுக்கொரு அட்டை உண்டு. ப்ளிக்கர்ஸ் என்ற செயலியிலிருந்து அச்சடித்த கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கட்டங்களின் அமைப்பு வேறு. நான்கு பக்கங்களுக்கும் நான்கு எழுத்துகள். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் கைப்பேசியின் கேமராவை வகுப்பு முழுவதும் ஒருமுறை காட்டினால், யார் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் கையில் கைப்பேசி தேவையில்லை, கணினி தேவையில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதவும் முடியாது, அவருடைய அட்டையில் அதே எழுத்து வேறு பக்கத்தில் இருக்கும். ஒருபோதும் கை தூக்காத கடைசி பெஞ்சுப் பெண்ணும் இதில் விடை சொல்லியே ஆக வேண்டும், தவறாகச் சொன்னால் யாரும் சிரிக்கவும் முடியாது.

விடைகள் வந்தன. பாதிக்கு மேல் 'முதல் பல்பு'. சரியான விடையை நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், உங்கள் விடை ஏன் சரி என்று அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள் என்றேன். வகுப்பு சந்தைக்கடையானது. அந்தச் சத்தத்தில் ஒரு மாணவி சொன்னது இது: "எங்கள் தெருவில் முதல் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும். கடைசி வீடு எங்களுடையது, எங்களுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மின்சாரமும் அப்படித்தான் இருக்கும்." பாடப்புத்தகத்தில் இல்லாத, சென்னைப் பிள்ளை மட்டுமே சொல்லக்கூடிய காரணம். அந்தத் தெருவில் அதிகாலையில் குடத்தோடு நின்ற அனுபவம் அவளுக்கு இருக்கிறது. அவள் யோசித்திருக்கிறாள் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

எதிரில் இருந்த மாணவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கேட்டான்: "முதல் வீட்டுக்காரர்கள் தண்ணீரைக் குடத்தில் பிடித்து உள்ளே எடுத்துப் போய்விடுகிறார்கள். பல்பு எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது? கம்பி அந்தப் பக்கமும் போகிறதே."

இந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் அது பாடம். அவன் கேட்டதால் அது சண்டை, அதனால் யாரும் விடவில்லை. பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுவதில்லை, அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் அப்படியே அடுத்த பல்புக்குப் போகிறது, பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுவது ஆற்றல் என்ற இடத்துக்கு அவர்களே கிட்டத்தட்ட வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் அட்டையைத் தூக்கச் சொன்னபோது 'சமம்' என்பது முந்திவிட்டது.

பிறகு நிஜமான மின்கலத்தையும் பல்புகளையும் இணைத்துப் பார்த்தோம். இங்கேதான் நான் எதிர்பார்த்த சிக்கல் வந்தது. கடையில் வாங்கும் டார்ச் பல்புகள் இரண்டு ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. முதல் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. குழாய்த் தண்ணீர்க் கட்சி ஆரவாரம் செய்தது. அப்போது ஒருவன் "இரண்டையும் இடம் மாற்றுங்கள் மிஸ்" என்றான். மாற்றினோம். பிரகாசமான பல்பு இரண்டாவது இடத்துக்குப் போன பிறகும் பிரகாசமாகவே எரிந்தது. இதற்குப் பிறகுதான் நான் புரொஜெக்டரைப் போட்டேன். ஃபெட் என்ற, கணினியில் சோதனை செய்துபார்க்க உதவும் இலவச உருவகப்படுத்தல்களில் மின்சுற்றை நாமே கட்டிப் பார்க்கலாம், அங்கே இரண்டு பல்புகளும் துல்லியமாக ஒரே மாதிரி. பிள்ளைகள் வந்து கணினியின் சுட்டியைப் பிடித்து, முதல் பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு அம்மீட்டர், இரண்டு பல்புகளுக்கும் இடையில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று தாங்களே வைத்தார்கள். மூன்றிலும் ஒரே அளவு. அந்த எண்ணுக்கு அன்று வகுப்பில் இருந்த மரியாதை, பாடம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அதே உருவகப்படுத்தலைக் காட்டியிருந்தால் வந்திருக்காது.

கவனியுங்கள், இதில் ஒன்றுகூட விலை உயர்ந்த கருவி இல்லை. ஃபெட்டைத் தொடங்கியவர் இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001-இல் பெற்ற கார்ல் வீமன். 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கினார், அன்று முதல் இலவசம். ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கேள்வி கேட்டு, விடை வாங்கி, பேசவிட்டு, மறுபடி விடை வாங்கும் முறையும் என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991-இல் தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்தது. இந்த முறையில் விடை வாங்க மின்னணுக் கருவியைப் பயன்படுத்தினால் பலன் கூடுமா, வெறும் அட்டையே போதுமா என்று கனடாவில் நதானியேல் லாஸ்ரி ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் எழுதினார். பிள்ளைகள் கற்றுக்கொண்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருவி ஆசிரியருக்கு வேலையை எளிதாக்குகிறது, அவ்வளவுதான். கற்றல் நடப்பது அந்த வாக்குவாதத்தில்.

சென்னைக்காரர்களான நமக்கு இது புதிதாக இருக்கவே கூடாது. 1789-இல் எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தன் பள்ளியில் நடைமுறைப்படுத்தி, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். பிரிட்டன் முழுவதும் அது 'மதராஸ் முறை' என்றே பரவியது. நம் திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சட்டாம்பிள்ளைக்கு அங்கே கிடைத்த பெயர் அது. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் மனப்பாடத்தையும் சாதிக் கதவையும் நான் போற்றவில்லை. பிள்ளை பிள்ளையிடம் கற்றுக்கொள்ளும் என்ற அந்த ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இருநூறு ஆண்டுகள் கழித்து இதே ஊரில் இன்னொரு முயற்சி நடந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி தந்த உந்துதல். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் கூடவே உட்கார்ந்தார். சுவரின் அடியில் ஓடும் கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஓர் இடம். பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய 'ஏணிப்படி'யில் தன் பாட அட்டை எதுவோ அதைத் தானே தேடி எடுத்து, தன் வேகத்தில் முன்னேறும் பிள்ளை. 2007-08-க்குள் அது மாநிலம் முழுவதும் போனது. போன வேகத்தில் பல இடங்களில் அட்டையை அடுக்கிவைப்பதே வேலையாகிவிட்டது என்ற குறை சொல்லப்பட்டது, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் ஒரு தரம் அந்த வகுப்பறைகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரும்பலகையைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கியது சின்ன வேலை இல்லை. அதே ஊரில் இன்று திரையை மீண்டும் எட்டாத உயரத்தில் மாட்டுகிறோம்.

கணினியே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. ஆசிரியரால் செய்ய முடியாத ஒன்றைக் கணினி செய்யும். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னம் தெரியாது, இன்னொரு பிள்ளை பத்தாம் வகுப்புக் கணக்கே போடும். நாற்பது பேருக்கு நாற்பது விதமான பயிற்சிக் கணக்குகள் கொடுத்துத் திருத்த என்னால் முடியாது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் டெல்லியில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பள்ளி நேரத்துக்குப் பிறகு, பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கேள்வி தரும் மென்பொருளும், கூடவே சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லித்தர ஓர் ஆளும். நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். அதற்கு முன்பே லீ லிண்டன் குஜராத்தில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நல்ல ஆசிரியரின் பாடவேளையைப் பிடுங்கிக் கணினிக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் கற்றது குறைந்தது. அதே கணினிப் பயிற்சியைப் பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்தபோது கூடியது. கருவி வாங்கும் ஒவ்வொரு தாளாளரும் அதிகாரியும் படிக்க வேண்டிய முடிவு இது.

தடை என்ன என்று கேட்டால், முதல் தடை நேரம். நான் மேலே சொன்ன பல்பு வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் ஆயின. காலாண்டுத் தேர்வுக்குள் இத்தனை பாடம் முடித்தாக வேண்டும் என்று கழுத்தில் கத்தி தொங்கும்போது எந்த ஆசிரியருக்கு இரண்டு பாடவேளை சண்டை பார்க்கத் துணிவு வரும்? இதோடு, வருகையிலிருந்து சீருடை வரை அத்தனை விவரங்களையும் செயலியில் ஏற்றும் வேலையும் எங்கள் தலையில். தொழில்நுட்பத்தால் ஆசிரியருக்கு மிச்சமாக வேண்டிய நேரத்தைத் தொழில்நுட்பமே விழுங்குகிறது. இரண்டாவது தடை பயிற்சி. மாணவர் மையக் கற்றலைப் பற்றி நான் போன பயிற்சிகள் பலவற்றில் ஒருவர் மேடையில் நின்று ஸ்லைடு காட்ட, நூறு ஆசிரியர்கள் கை கட்டிக் கேட்டிருக்கிறோம். எங்களையே பேசவிடாத இடத்தில் கற்றுக்கொண்டு, பிள்ளைகளைப் பேசவிடுங்கள் என்றால் எப்படி?

வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று காணொளி அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறது. திரும்பினால் முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு, வீட்டு வேலை முடித்த பிறகு டேட்டா மிச்சமிருந்தால் வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு. கொரோனா காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்த பிறகும் நாம் மறந்துவிட்டோம். அதனால்தான் பள்ளியில் இருக்கும் நேரம் எனக்குப் பெரிது. அந்த நேரத்தைக் காணொளிக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரே ஒரு சொல். பிள்ளைகள் அதைக் கேட்டு ஒப்படைப்பு எழுதிவருகிறார்கள். தடுக்க முடியாது. அந்தப் பதிலையே வகுப்பில் வைத்து, இதில் எது தவறு என்று குழுவாகத் தேடச் சொல்லுங்கள். தேடும்போது பாடநூலை அவர்களே திறக்கிறார்கள்.

பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். திரையின் அளவைக் கேட்காதீர்கள். நடக்கும் ஒரு வகுப்பின் வாசலில் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகளின் குரல் கேட்கிறதா, அந்தச் சுட்டியைக் கடைசியாகத் தொட்டது எந்தப் பிள்ளை என்று கேளுங்கள். கல்வி அலுவலர்களிடம் என் கோரிக்கை இதைவிடச் சிறியது. ஆய்வுக்கு வரும்போது வகுப்பு சத்தமாக இருந்தால் ஆசிரியரைக் கோபிக்காமல், உள்ளே வந்து ஏதாவது ஒரு குழுவோடு உட்காருங்கள்.

சென்னையில் அறிவியலோ கணிதமோ நடத்தும் ஆசிரியத் தோழர்கள் முயன்று பார்க்க விரும்பினால், மின்னியல், ஒளியியல், பின்னங்கள் ஆகிய பாடங்களுக்கு நான் தமிழில் தயாரித்த கேள்விகளை அனுப்புகிறேன். அட்டைகளைச் சாதாரணத் தாளில் அச்சடித்தால் பிள்ளைகள் கையில் கசங்கி, கேமராவுக்குத் தெரியாமல் போகும். கெட்டியான அட்டையில் எடுத்து, பின்பக்கம் வருகை எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள். பளபளப்பான உறை போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டால் படிக்காது. எந்த வகுப்புக்கு வேண்டும் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், இந்த வார இறுதிக்குள் அனுப்பிவைக்கிறேன்.