ஓட்டிவிட முடியாத காட்சிகள்

போன விடுமுறையில் அக்கா பையனும் நானும் உட்கார்ந்து நெட்ஃபிளிக்ஸில் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' பார்த்தோம். ரிமோட் அவன் கையில். எட்டாவது படிக்கிறான். காட்ஸில்லா திரையில் இல்லாத நேரமெல்லாம் அவனுக்கு விளம்பர இடைவேளை. "மாமா, இவங்க பேசிக்கிட்டே இருக்காங்க" என்று பத்துப் பத்து வினாடியாகத் தாவ ஆரம்பித்தான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஜப்பானிய ராட்சச மிருகப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். மனிதர்களைக் குறை, சண்டையைக் கூட்டு என்பது ஒரு கட்சி. சண்டை சரி, பாத்திரங்களில் அழுத்தம் இல்லை என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். எத்தனை நிமிடம் என்பதில் என்ன இருக்கிறது? அந்த மிருகத்துக்கும் அந்த மனிதனுக்கும் நடுவே தீர்க்க வேண்டிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இந்தப் பிரச்சினை படம் எடுக்கிற விதத்திலேயே இருக்கிறது. காட்ஸில்லா படங்களை எடுக்கிற டோஹோ நிறுவனத்தில் அந்தக் காலத்தில் நடிகர்கள் பேசும் பகுதிக்கு ஒரு குழு, அதற்கு ஓர் இயக்குநர். பொம்மை நகரம், ரப்பர் உடை, நெருப்பு, புகைக்கெல்லாம் இன்னொரு குழு, அதற்கும் ஓர் இயக்குநர். முதலாவதை ஹோன்பென் என்பார்கள், இரண்டாவதை தொகுசாட்சு. 1954இல் வந்த முதல் காட்ஸில்லாவில் முதல் பகுதி இஷிரோ ஹோண்டா, இரண்டாவது எய்ஜி சுபுராயா. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் டோக்கியோவைக் கட்டி, அதை மிதிப்பதற்கு ஹருவோ நகாஜிமாவை உடைக்குள் இறக்கினார்கள். முதலில் செய்த உடை 100 கிலோ அளவுக்குக் கனம். மனுஷன் நாலடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. இவ்வளவு பணமும் உழைப்பும் தின்கிற காட்சியைப் படம் முழுக்க வைக்க எந்தத் தயாரிப்பாளருக்குக் கட்டுப்படியாகும்? மிச்ச நேரத்தை மனிதர்கள்தான் தாங்கியாக வேண்டும். தாங்குகிறார்களா, வெறுமனே இடத்தை அடைக்கிறார்களா என்பதில்தான் ஒரு படமும் இன்னொரு படமும் வேறுபடுகின்றன.

முதல் படத்தில் ஒரு முக்கோணக் காதல் இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் அது கொட்டாவிதான். எமிகோ என்ற பெண்ணை விஞ்ஞானி செரிசாவாவுக்கு நிச்சயித்திருக்கிறார்கள். அவள் மனதில் இருப்பவன் ஒகாட்டா. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் செரிசாவா வீட்டுக்குப் போகிறாள். அவரோ சொல்ல விடாமல், நிலவறைக்குக் கூட்டிப் போய் மீன் தொட்டியில் தன் கண்டுபிடிப்பைக் காட்டுகிறார். கண்ணெதிரே மீன்கள் எலும்பாகிவிடுகின்றன. யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்குகிறார். நம்பி அனுப்புகிறார், ஏனென்றால் அவள் தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அந்த நம்பிக்கை இல்லை என்றால் உலகத்தில் வேறு யாருக்கும் அந்த ஆயுதம் தெரிந்திருக்காது.

அப்புறம் காட்ஸில்லா டோக்கியோவை எரிக்கிறது. மறுநாள் மருத்துவமனையில் தரையெல்லாம் காயம்பட்டவர்கள். ஒரு குழந்தைக்கு அருகே கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைக் கொண்டுபோகிறார்கள், அது கடகடக்கிறது. பக்கத்தில் தாயை இழந்த பிள்ளை அழுகிறது. எமிகோ இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வாக்கை மீறுகிறாள், அதுவும் ஒகாட்டாவிடம். கொட்டாவி விட வைத்த அந்தக் காதல் கதைதான் கடைசியில் காட்ஸில்லாவைக் கொல்கிறது. செரிசாவா குறிப்புகளை எரித்துவிட்டு, கடலுக்கடியில் இறங்கி, தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார். இதில் எந்தக் காட்சியை ஓட்டிவிடுவீர்கள்?

படம் வந்த அதே 1954இன் மார்ச்சில்தான் அமெரிக்காவின் பிகினி தீவு ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் விழுந்தது. அந்தப் படகில் வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் திரையரங்குக்குப் போன ஜப்பானியருக்கு அந்தக் கைகர் ஒலியை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

'ஷின் காட்ஸில்லா' (2016) இதற்கு நேர்மாறு. காதல் கிடையாது, குடும்பம் கிடையாது, எல்லாம் கூட்டம். ஒரு அறையில் கூட்டம், அது முடிந்தால் பக்கத்து அறையில் இன்னொன்று. பாதிப் பேர் தூங்கிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அதில்தான். ஹெலிகாப்டர்கள் குறிவைத்துச் சுடத் தயாராக நிற்கும்போது, ரயில் பாதையைக் கடந்து ஒருவர் முதியவர் ஒருவரை முதுகில் சுமந்து போவது தெரிகிறது. அந்த இரண்டு உயிருக்காகப் பிரதமர் சுட வேண்டாம் என்கிறார். மிருகம் தப்பிக் கடலுக்குப் போய், இன்னும் பெரிதாகித் திரும்புகிறது. அவர் செய்தது சரியா தப்பா? இன்று வரை எனக்கு முடிவு தெரியவில்லை. 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு எடுத்த படம் அது. கடைசியில் மிருகத்தின் வாயில் மருந்தை ஊற்ற வருவது கான்கிரீட் பம்ப் லாரிகள். ஃபுகுஷிமா உலைக்குத் தண்ணீர் அடித்தவையும் அந்த மாதிரி லாரிகள்தான்.

கணக்கு என்றேன் அல்லவா, அதை நேராகவே கதையாக்கியது 1999இல் வந்த கமேரா படம், தொண்ணூறுகளின் வரிசையில் மூன்றாவது. கமேரா ஒரு ராட்சச ஆமை; நல்ல மிருகம், பிள்ளைகளின் தோழன். ஆனால் முந்தைய சண்டையொன்றில் அதன் காலடியில் போன வீட்டில் இருந்தவர்கள் அயானா என்ற பெண்ணின் அப்பாவும் அம்மாவும். நமக்கு அது கைதட்டல் வாங்கிய காட்சி, அவளுக்கு இழவு வீடு. ஷிபுயாவில் கமேரா மறுபடி சண்டை போடும்போது படமெடுக்கும் கேமரா தெருவில், ஓடுகிற ஜனங்களின் உயரத்தில் நிற்கிறது. கைதட்ட மனம் வரவில்லை.

மனிதர்கள் நிறைய வந்தும் கெட்ட படமும் உண்டு. 2004இல் ஐம்பதாம் ஆண்டுக் கொண்டாட்டமாக வந்த 'ஃபைனல் வார்ஸ்' அப்படி. மோட்டார் சைக்கிள் சண்டை, வேற்றுக்கிரகத்தார், கராத்தே எல்லாம் உண்டு. நடுவில் மிருகங்கள் வரிசையாக வந்து இரண்டு உதை வாங்கிக்கொண்டு போகின்றன. அந்த மனிதர்களுக்கும் அந்த மிருகங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அதே சமயம் 1973இல் காட்ஸில்லா வாலில் சறுக்கிக்கொண்டே வந்து மெகலான் என்ற மிருகத்தை இரண்டு காலாலும் உதைக்கிற காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணியதில்லை. அந்தப் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, பையன் பக்கம்தான்.

சரி, மைனஸ் ஒன்னுக்கு வருகிறேன். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) இதை எழுதி இயக்கிய தகாஷி யமசாகியே காட்சி விளைவுகளையும் மேற்பார்த்தார், 2024இல் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். டோஹோவின் அந்த இரண்டு குழு வேலை இங்கே ஒரே ஆளிடம். அது தெரிகிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், ஷிகிஷிமா என்ற தற்கொலைப் படை விமானி ஒரு தீவில் சுட வேண்டிய நேரத்தில் கை நடுங்கிச் சுடாமல் விடுகிறான், மெக்கானிக்குகள் சாகிறார்கள். கப்பலில் ஊர் திரும்பும்போது, பிழைத்த ஒரே மெக்கானிக் அவன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணிக்கிறான். செத்தவர்கள் வைத்திருந்த குடும்பப் படங்கள். ஊரிலோ, நீ ஏன் உயிரோடு வந்தாய் என்று ஏசிய பக்கத்து வீட்டுப் பெண், முணுமுணுத்துக்கொண்டே தன்னிடமிருந்த வெள்ளரிசியை அவன் வீட்டுக் குழந்தையின் கஞ்சிக்குக் கொடுக்கிறாள். நம்மாள் இரண்டையும் தாவிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "இவன் ஏன் மாமா தூக்கத்துல இப்படி அலறுறான்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனே பின்னுக்கு ஓட்டிக் கப்பல் காட்சிக்குப் போனான். அதன் பிறகு ரிமோட் சோபாவில் கிடந்தது. கடைசியில் விமானம் காட்ஸில்லாவின் வாயை நோக்கிப் போனபோது எழுந்து நின்றுவிட்டான். முடிவில் வரும் அந்தத் தந்தி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, கொஞ்சம் சர்க்கரை தூக்கல். அவனுக்கு அதுதான் பிடித்ததாம்.

அந்தச் சூட்டோடு 1954 படத்தையும் போடலாமா என்று கேட்டேன். கறுப்பு வெள்ளையா என்றான். ஆமாம் என்றேன். சாப்பிடப் போய்விட்டான்.