பயனர் மாநாட்டில் கையேடு எழுதுபவருக்கு என்ன வேலை?

சென்ற மாதம் பெங்களூருவில் நடந்த இரண்டு நாள் பயனர் மாநாடு ஒன்றுக்குச் சென்று வந்தேன். உதவிப் பக்கங்களும் கையேடுகளும் எழுத எங்கள் குழு பயன்படுத்தும் மென்பொருளை உருவாக்கிய நிறுவனமே, அதைப் பயன்படுத்துகிற எழுத்தாளர்களை அழைத்து நடத்திய மாநாடு அது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் தொழில்நுட்ப எழுத்தாளராக வேலை பார்க்கிறேன். அலுவலகச் செலவில் இப்படியொரு மாநாட்டுக்குச் சென்றது இதுவே முதல் முறை. கையேடு எழுதுபவர்களைப் பயனர் மாநாடுகளுக்கு அனுப்புவதை நிறுவனங்கள் ஒரு சலுகையாகக் கருதக் கூடாது, அது எழுதும் வேலையின் ஒரு பகுதி என்று போய் வந்தபின் அழுத்தமாக நம்புகிறேன். அப்படி நம்புவதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மென்பொருளில் ‘உதவி’ என்ற பொத்தானை அழுத்தினால் திறக்கும் பக்கங்களை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். நிரலாளர்களிடம் கேட்டும், மென்பொருளைத் தானே இயக்கிப் பார்த்தும், ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பழைய பக்கங்களைத் திருத்தியும் அந்த வேலை நடக்கிறது. எங்கள் நிறுவனம் கிடங்கு மேலாண்மை மென்பொருள் தயாரிக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர், தூத்துக்குடி போன்ற ஊர்களின் கிடங்குகளில் அது பயன்படுவதால், உதவிப் பக்கங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் வெளியிடுகிறோம். தமிழ்ப் பக்கங்களை நானும் என்னுடன் பணிபுரியும் ஓர் இளைய எழுத்தாளரும் கவனித்துக்கொள்கிறோம். மாநாட்டுக்கும் இருவருமாகவே சென்றோம்.

செல்வதற்கான ஒப்புதல் எளிதில் கிடைக்கவில்லை. நிரலாளர்களை அனுப்பும்போது கேட்கப்படாத கேள்விகள் எங்களிடம் கேட்கப்பட்டன. ஒப்புதல் படிவத்தில் ‘இதனால் நிறுவனத்துக்கு என்ன பயன்?’ என்ற கட்டத்தில், மென்பொருளின் புதிய வசதிகளைக் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுத்தேன். அது வலுவில்லாத காரணம் என்று இப்போது தெரிகிறது. புதிய வசதிகளை, ஒவ்வொரு வெளியீட்டோடும் வரும் மாற்றக் குறிப்புகளான ரிலீஸ் நோட்ஸ் படித்தே தெரிந்துகொள்ளலாம். அதற்காக யாரும் அதிகாலையில் எழுந்து சென்ட்ரலுக்கு ஓட வேண்டியதில்லை.

முதல் நாள் காலை அமர்வுகள் பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியவை. அவற்றில் எனக்கு உருப்படியாகப் பட்டது ஒன்றுதான்: வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் சாட்பாட் எங்கள் உதவிப் பக்கங்களைப் படித்துத்தான் பேசுகிறது என்றால், பக்கத்தில் உள்ள பிழையை அது மேலும் உறுதியான குரலில் திருப்பிச் சொல்லும். மற்றவை விற்பனைப் பேச்சாகவே இருந்தன.

தேநீர் இடைவேளைகளில்தான் மாநாடு உண்மையில் தொடங்கியது எனலாம். இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இருவர் ஓரிடத்தில் நின்றால், எந்த மென்பொருளிலிருந்து எதற்கு மாறினோம் என்பதில்தான் பேச்சு தொடங்கும். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நீண்ட கையேடுகளை எழுதப் பெயர்பெற்ற ஃபிரேம்மேக்கர், 1995இல் அடோபி நிறுவனத்தின் கைக்குப் போனது. உதவிக் கோப்புகள் தயாரிக்கப் பயன்பட்ட ரோபோஹெல்ப், இஹெல்ப் நிறுவனத்திடமிருந்து 2003இல் மேக்ரோமீடியாவுக்கும், மேக்ரோமீடியாவையே வாங்கிய அடோபிக்கு 2005இலும் கைமாறியது. அதே 2005இல்தான் இஹெல்பின் முன்னாள் ஊழியர்கள், அதே வகை மென்பொருள் தயாரிக்கும் மேட்கேப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆவணங்களைச் சிறு தலைப்புகளாகப் பிரித்து எழுத ஐபிஎம் உருவாக்கிய டிட்டா என்ற எக்ஸ்எம்எல் கட்டமைப்பு, தரநிலைகளை வகுக்கும் ஓயேசிஸ் அமைப்பின் தரநிலையாக ஏற்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றியவர்கள் பட்ட பாட்டை அவர்கள் வாயாலேயே கேட்டேன். ஒரு பத்தியை ஓரிடத்தில் எழுதி, எந்த வரி எந்தக் கையேட்டில் வர வேண்டும் என்று காட்டும் நிபந்தனைக் குறிகளின் உதவியால் பத்துக் கையேடுகளில் வெவ்வேறு விதமாக வெளிவரச் செய்யும் சிங்கிள் சோர்சிங் முறையை எந்த அளவுக்குக் கொண்டுபோனால் அது தாங்காது என்பதை, அப்படிக் கொண்டுபோய்ப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். எங்கள் கையேடுகள் அடங்கிய திட்டக் கோப்பில் முப்பதுக்கு மேற்பட்ட நிபந்தனைக் குறிகள் இருப்பதாகச் சொன்னேன். புனேயிலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், அவற்றுள் எத்தனை ஒரே வாடிக்கையாளருக்காகச் சேர்க்கப்பட்டவை என்று உடனே கேட்டார். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவையே.

மதியத்துக்குமுன் அதே அம்மையார் நடத்திய அமர்வைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய வசதி எதையும் அவர் காட்டவில்லை. உதவித் தளத்தின் தேடல் பெட்டியில் பயனர்கள் தட்டச்சு செய்து, ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற பதிலைப் பெற்ற சொற்களின் பட்டியலை மட்டும் திரையில் காட்டினார். பல ஆண்டுகளாக இருந்துவரும் வசதி அது. எங்களிடமும் இருந்தது. நாங்கள்தான் திறந்து பார்த்ததில்லை.

உணவு இடைவேளையில் இருவரும் மடிக்கணினியைத் திறந்து எங்கள் தமிழ்த் தளத்தின் பட்டியலை எடுத்தோம். மேலிருந்து வரிசையாக ‘லோடு’, ‘ஸ்டாக்’, ‘டேமேஜ்’, ‘ரிட்டர்ன்’ என்று இருந்தன. நாங்கள் ‘சரக்கு வரவு’ என்றும் ‘இருப்பு’ என்றும் ‘சேதமுற்ற சரக்கு’ என்றும் ‘திருப்பி அனுப்புதல்’ என்றும் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்தோம். தமிழில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறோம் என்ற நிறைவு எங்களுக்கு இருந்தது. ஆனால் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் தேடுகிற ஒருவர், தம் வாயில் வரும் சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். அவருக்கு எங்கள் தளம் பதில் எதுவும் தராமல் அனுப்பியிருக்கிறது. நல்ல தமிழை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் ‘இருப்பு’ என்றே இருக்கட்டும். ‘ஸ்டாக்’ என்று தேடினாலும் அந்தப் பக்கம் கிடைக்கும்படி குறிச்சொல் சேர்ப்பது எங்கள் கடமை. அதைச் செய்யாமல் விட்டது எங்கள் தவறு.

பட்டியலில் கீழே இறங்கியபோது இளையவர் ஓரிடத்தில் நிறுத்தி, “அக்கா, இது நாம எழுதுற சொல்தானே?” என்று கேட்டார். ‘கொள்முதல்’ என்ற சொல் அது. எங்கள் தளத்தில் அந்தச் சொல் இல்லாத பகுதியே கிடையாது. இருந்தும் அதைத் தேடியவர்கள் பலருக்கு முடிவு எதுவும் வரவில்லை. நானே தட்டச்சு செய்து தேடினேன். எனக்கோ பாதிப் பக்கங்கள் மட்டும் வந்தன.

மாநாட்டு அரங்கின் ஓரத்தில், நம் திட்டக் கோப்பைக் கொண்டுபோய் அந்த மென்பொருளை உருவாக்கிய பொறியாளர்களிடமே நேரில் காட்டலாம் என்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். அங்கிருந்த பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நின்றாலும் கணினியில் ‘க’தான் முதலில் சேமிக்கப்படுகிறது என்பதையே அவர் அன்றுதான் அறிந்தார். ஆனால் கோப்பைத் திறந்து எழுத்துகளின் குறியீட்டெண்களைப் பார்த்தவுடன் சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், ஒகர உயிர்மெய்யின் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்ற எண்ணுடைய ஒரே குறியாக எழுதலாம். அல்லது ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். இரண்டும் சமம் என்றே யூனிகோட் தரநிலையும் சொல்கிறது. ஆனால் தேடல் நிரல் எண்களை அப்படியே ஒப்பிட்டால், அதற்கு அவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவில் இருந்த எங்கள் கையேடுகளை முன்பு யூனிகோடுக்கு மாற்றியபோது, அந்தப் பக்கங்கள் முழுவதும் கொம்பும் காலும் பிரிந்த நிலையிலேயே வந்திருக்கின்றன. பின்னர் நாங்கள் எழுதியவை ஒற்றைக் குறியில் இருந்தன. ‘கொள்முதல்’ மட்டுமல்ல, ‘தொகை’, ‘கோப்பு’, ‘சோதனை’ என்று ஒகர, ஓகாரக் குறி வரும் சொற்கள் எல்லாமே இப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

தீர்வு சிறியது. தளத்தை உருவாக்கும் கட்டத்தில் எல்லா உரையையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கும் ஒரு படியைச் சேர்த்தால் போதும். பயனர் தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கான வரிகளை அந்த மேசையிலேயே எழுதிக்கொடுத்தார்கள். சென்னையிலிருந்து சப்போர்ட் டிக்கெட் போட்டு இதைக் கேட்டிருக்கலாமே என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பிறகு சொன்னார். இப்படியொரு சிக்கல் இருப்பது தெரிந்திருந்தால்தானே டிக்கெட் போட முடியும்? அதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு அந்த அமர்வும், அந்தக் கேள்வியும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க இன்னொருவரும் தேவைப்பட்டனர்.

அன்று மாலை விடுதியில் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எழுதும் மென்பொருளின் உதவிப் பக்கங்களை நாங்கள் தினமும் திறப்பவர்கள். வேண்டியது கிடைக்காதபோது, யார் இதை எழுதினார்கள் என்று பலமுறை சலித்துக்கொண்டிருக்கிறோம். மாநாட்டில் அதை எழுதியவரையே சந்தித்தோம். எந்தப் பக்கத்தில் வழி தவறினோம் என்று சொன்னபோது, அவர் மறுத்துப் பேசாமல் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஓராண்டாக அந்தப் பக்கத்தைப் பற்றி ஒருவரும் தம்மிடம் எதுவும் சொல்லவில்லை என்றார். நானும் அப்படித்தான் இருக்கிறேன். எங்கள் பக்கங்களைப் படித்த கிடங்குப் பணியாளர் ஒருவரோடுகூட இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நான் நேரில் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் சொல்வதை ஆதரவுக் குழு கேட்கிறது, அவர்கள் சுருக்கி எழுதியதைத் தயாரிப்பு மேலாளர் படிக்கிறார், அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வருகிறது.

1980களில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரல் என்பவர், சொற்செயலியைப் புதிதாகக் கற்கும் அலுவலகப் பணியாளர்களின் அருகில் அமர்ந்து அவர்கள் செய்வதைக் கவனித்தார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து யாரும் வரிசையாகப் படிக்கவில்லை. பக்கங்களைத் தாண்டினார்கள், பாதியில் விட்டுத் தாமாகவே முயன்று பார்த்தார்கள், பிழை நேர்ந்தபோது அதிலிருந்து மீள வழி தெரியாமல் நின்றார்கள். செய்ய வேண்டியதை முதலில் சொல், குறைவாகச் சொல், பிழையிலிருந்து மீளும் வழியைச் சொல் என்று இன்று எங்கள் தொழிலில் எல்லோரும் பாடமாகப் படிக்கும் முறை அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை பிறப்பதற்குக் காரணமான வேலையை, அதாவது படிப்பவரின் அருகில் போய் உட்காருவதை, நாங்கள் கைவிட்டுவிட்டோம்.

விற்பனை நிறுவனம் நடத்தும் மாநாட்டுக்கு எல்லைகள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளை விட்டு விலகியவர்களுக்கு அங்கே மேடை கிடைக்காது. இந்தத் தொழிலுக்கென்று பொதுவாக இருந்த அமைப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றான, 1953 முதல் வேர்கொண்டிருந்த அமெரிக்கத் தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கமாகிய எஸ்டிசி, 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. எந்த விற்பனையாளரையும் சாராமல் எங்களைக் கூட்டிவைத்த ஓர் இடம் இல்லாமற்போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஜெர்மனியில் டெகாம் அமைப்பு நடத்தும் மாநாடும், 2013இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் தொடங்கிய ரைட் தி டாக்ஸ் கூட்டங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் போய்வரும் செலவைத் தாங்கக்கூடியவர்கள் நம்மில் குறைவு. எனவே கிடைக்கிற பயனர் மாநாட்டை நம் தேவைக்கு வளைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போகிறவர்கள் சொந்தத் திட்டக் கோப்பையும், தேடல் பட்டியலையும், தீராத ஒரு சிக்கலையும் கையோடு கொண்டுபோங்கள். குழுத் தலைவர் மட்டும் போகாமல், அந்தக் கோப்பில் தினமும் கைவைக்கிற இளையவரையும் அழைத்துப் போங்கள். ‘கொள்முதல்’ என் கண்ணில் பட்டிருக்காது. பட்டியலை நான் வேகமாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் என் மேலாளரிடம் இன்னொரு கோரிக்கை வைத்தேன். எங்கள் சொந்த மென்பொருளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் சந்திப்பு நடக்கிறது. விற்பனைக் குழுவும் நிரலாளர்களும் தயாரிப்பு மேலாளர்களும் அதற்குப் போகிறார்கள். ஆவணக் குழுவிலிருந்து ஒருவர்கூட இதுவரை போனதில்லை. அடுத்த சந்திப்பு கோயம்புத்தூரில் நடக்கிறது. இரண்டு இடம் கேட்டேன், ஒன்று கிடைத்திருக்கிறது. இளையவரே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் மேடைக்கு எதிரே உட்காரப் போவதில்லை. கிடங்கிலிருந்து வருபவர்கள் உட்காரும் மேசை ஒன்றில் எங்கள் உதவித் தளத்தைக் கைபேசியில் திறந்துவைத்து, “நேற்று வேலையில் எங்கே தடங்கல் வந்தது? அதை இதில் தேடிக் காட்டுங்களேன்” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் தட்டச்சு செய்யும் சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு வரப்போகிறார்.