அனுப்பாத ஆறு மாதம்

அப்பாவுக்கு 78 வயது. ஐம்பது வருடமாகக் கார் ஓட்டியவர், போன மாதம் சாவியை அவரே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் கூச்சமாக இருந்தது.

காரணம் இதுதான். அதற்கு ஆறு மாதம் முன்பே, என் மகளை அவரோடு காரில் அனுப்புவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். "ஹோம்வொர்க் இருக்கு மாமா" என்பாள் மனைவி. "தூங்கிட்டாப்பா" என்பேன் நான். ஆக, அவர் ஓட்டுவது பத்திரமில்லை என்று முடிவெடுத்தாயிற்று. அவரிடம் மட்டும்தான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளை வீட்டில் இருந்தாள். ரோட்டில் நடந்து போனதெல்லாம் அடுத்தவர் பிள்ளைகள்.

தெரியாமல் இல்லை. கதவில் ஒரு கீறல், "எவனோ உரசிட்டுப் போயிட்டான்" என்றார். அப்புறம் பம்பர் ஓரம் நசுங்கியது. திரும்பி வெகுதூரம் வந்த பிறகும் இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் அம்மா, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடி, "சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்க" என்பாள். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வயதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 85 வயதிலும் சுத்தமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்புரை என்றால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் சரி என்றதும் மறுபடி ஓட்டலாம். சிலருக்குப் பிரச்சினை தூக்க மாத்திரைதான். ஞாபகமறதி நோய் முற்றத் தொடங்கிவிட்டால் மட்டும் "பகலில் ஓட்டுங்கள், பக்கத்தில் மட்டும் ஓட்டுங்கள்" என்ற பேரமெல்லாம் செல்லாது. போட்ட கட்டுப்பாடே அவருக்கு நினைவிருக்காதே.

2019 ஜனவரியில், பிரிட்டன் இளவரசர் பிலிப் 97 வயதில் ஓட்டிய கார் இன்னொரு காரில் மோதிக் கவிழ்ந்தது. மோதப்பட்ட காரில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தது. நல்லவேளை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மாதம் லைசென்ஸை ஒப்படைத்தார். கூப்பிட்ட குரலுக்கு டிரைவர் வந்து நிற்கும் ஒருவருக்கே அதுவரை போகவேண்டியிருந்தது. அப்படியிருக்க, சாவியை ஒளித்துவைப்பதும் பேட்டரி வயரைக் கழற்றிவிடுவதும் என்ன வழி? அதுவும் இன்னொரு ஹோம்வொர்க் பொய்தான்.

கடைசியில் உண்மையைச் சொன்னேன். "ஆறு மாசமா பாப்பாவை வேணும்னேதான் அனுப்பலப்பா." அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமேடா" என்றார். சேர்ந்து கண் டாக்டரிடம் போனோம். கிளாக்கோமா. வலியே இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். ஓரத்திலிருந்து ஒருவர் இறங்கினால், அப்பா கண்ணுக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். கீறலுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இடித்த தூண் அவருக்குத் தெரியவே இல்லை.

"எங்க போகணும்னாலும் கேளுங்கப்பா" என்றுதான் முதலில் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மகனிடம் கேட்டு நிற்க யாருக்குப் பிடிக்கும்? இப்போது செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் என் வண்டி அவருடையது. எங்கே, எதற்கு என்று நான் கேட்பதில்லை.

போன வியாழன் ஒரு வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் தரையை அழுத்தியது.