ஒரு படமும் ஒரு பன்பாயும்

இரண்டு மூன்று நாட்களாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் என் முகநூலில் திரும்பத் திரும்ப வருகிறது. 1961 மார்ச்சில் லண்டனில் நடந்த பொதுநலவாயப் பிரதமர்கள் மாநாட்டுப் படம். நேரு நிற்கிறார், ஐயூப் கான் நிற்கிறார், மக்மில்லன் நிற்கிறார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் சேலை கட்டிய ஒரே ஒரு பெண், அப்போதைய இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. ஹரிணி அமரசூரிய பிரதமராக வந்த பிறகு இந்த மாதிரிப் பழைய படங்களைத் தேடிப் போடுவது கூடியிருக்கிறது. அந்தக் காலத்து வெளிநாட்டுக் கொள்கை மாதிரி இனி வராது என்று கீழே எழுதுகிறார்கள். எங்கள் மட்டக்களப்புப் பிள்ளைகளும் பகிர்கிறார்கள்.

நான் படத்தைவிட அந்த மாதத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1961 மார்ச். அந்த மாதம் என் அம்மப்பா மட்டக்களப்புக் கச்சேரி வாசலில், அதாவது மாவட்ட அரச அலுவலக வாசலில், பன்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

அம்மப்பா வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்தவர். மார்ச் என்றால் பெரும்போக வெட்டு முடிந்து வட்டையில் சூடடிப்பு நடக்கிற நேரம். அந்த நேரத்தில் களத்தை விட்டு ஒரு வேளாண்மைக்காரன் அசையமாட்டான். அவர் வயல் வேலையாட்களுக்குத் தலைவரான முல்லைக்காரரிடம் களத்தை ஒப்படைத்துவிட்டு, ஒரு சுருட்டிய பாயையும் கட்டுச்சோற்றையும் எடுத்துக்கொண்டு தோணியில் வாவியைக் கடந்து பட்டணத்துக்குப் போனார். அப்போது கச்சேரி ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. அந்த வருடம் சனவரி முதலாம் தேதியில் இருந்து நிர்வாகமெல்லாம் சிங்களத்தில் என்று அரசு நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும், தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகம் அறிவித்தது. யாழ்ப்பாணத்தில் பெப்ரவரி 20இல் தொடங்கி, பிறகு மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கச்சேரி வேலைகள் நின்றுபோயின. முஸ்லிம் ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்து பக்கத்தில் இருந்தார்கள் என்று அம்மப்பா சொல்வார். ஒருவர் கொண்டுவந்த சோற்றை இன்னொருவர் சாப்பிட்டதைப் பற்றி அவர் பேசும்போது குரல் மாறிவிடும்.

அவர் கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. காணி உறுதி சம்பந்தமாகக் கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதினால் பதில் தமிழில் வரவேண்டும். அவ்வளவுதான்.

அதே வாரங்களில் லண்டனில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதுவும் சின்ன விசயம் இல்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியைப் பொதுநலவாயத்தில் வைத்திருப்பதா என்ற கேள்வி அந்த மாநாட்டில்தான் உச்சத்துக்கு வந்தது. ஆசிய, ஆபிரிக்க நாடுகள் விடாமல் நெருக்கின. இலங்கையும் அந்தப் பக்கம் நின்றது. மார்ச் 15இல் தென்னாபிரிக்கா தானே விலகிக்கொண்டது. உலகின் முதல் பெண் பிரதமர், பதவிக்கு வந்து எட்டே மாதத்தில், அந்த மேசையில் இருந்து நியாயத்தின் பக்கம் பேசினார். எனக்கு அதில் பெருமைதான். மனிதரைப் பிறப்பால் பிரிக்காதே என்று ஒரு சின்ன நாடு உலகத்துக்குச் சொன்னது பெருமைப்படவேண்டிய காரியம்.

ஆனால் அதே நாட்டில், அவர் பொறுப்பில் இருந்த அரசின் கச்சேரி வாசலில், பாயில் இருந்தவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது? ஏப்ரல் தொடக்கத்தில் நீதியமைச்சர் தமிழரசுக் கட்சித் தலைவர்களோடு பேசிப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஏப்ரல் 17 இரவு அவசரகால நிலை வந்தது. இராணுவம் வந்தது. தலைவர்களைப் பிடித்துப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். அம்மப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதே ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. இது பலருக்கு நினைவில் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உருவானது. பொத்துவிலிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருந்த தமிழ் பேசும் மக்களுக்கு, முஸ்லிமாக இருந்தாலும் தமிழராக இருந்தாலும், கச்சேரி வடக்கே மட்டக்களப்பில் இருந்து மேற்கே உள்நாட்டு அம்பாறைக்குப் போனது. கல்முனைப் பக்கத்தில் இருக்கிற என் பெரியம்மா வீட்டுக்கு இன்றைக்கும் சில அரச கடிதங்கள் சிங்களத்தில் மட்டும் வருகின்றன. அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடவேண்டும். 1961இல் அம்மப்பா கேட்டது இன்னும் பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

சிறிமாவோ அம்மையாரின் வெளிநாட்டுக் கொள்கையைப் புகழ்கிறவர்கள் எல்லாரும் 1962ஐச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். ஒக்டோபரில் இந்தியாவும் சீனாவும் இமயமலையில் சண்டை பிடித்தன. ஒரு மாதத்தில் இந்தியா பெருத்த அடி வாங்கியது. டிசம்பர் 10இல் இருந்து 12 வரை பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, எகிப்து ஆகிய நாடுகளைக் கொழும்புக்கு அழைத்து அவர் ஒரு மாநாடு கூட்டினார். அந்த முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு தானே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் போனார். அப்போதைய அரசியலமைப்பில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரின் கையிலேயே இருந்தன, ஆகவே இதெல்லாம் அவருடைய சொந்தத் தீர்மானம், சொந்த உழைப்பு.

அந்தக் கொழும்பு மாநாட்டு யோசனைகளில் ஒரு பகுதியை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எல்லையின் மேற்குப் பகுதியான லடாக்கில் சீனப்படை 20 கிலோமீற்றர் பின்னால் போகவேண்டும். அப்படி விடுபடுகிற இடத்தில் படை எதுவும் நிற்கக்கூடாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட சிவில் காவல் நிலைகளை இரண்டு தரப்புமே வைத்து அந்த இடத்தை நிர்வகிக்கவேண்டும். யாருடைய பழைய உரிமையும் இதனால் குறையாது. பனிமலையில் மனிதர் குடியிருக்காத ஒரு நிலத்துக்கு இவ்வளவு கவனமாக, இரண்டு பக்கத்தின் மானத்தையும் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வழி யோசித்திருக்கிறார்கள். இந்தியா அதை ஏற்றது. சீனா கொள்கையளவில் சரி என்று சொல்லிவிட்டு விளக்கம் கேட்டது. பேச்சு நடக்கவில்லை என்றாலும் முயற்சி முயற்சிதான்.

இந்தப் பொறுமையில் கால்வாசியை எங்கள் பக்கம் காட்டியிருந்தால்? அவருடைய கணவர் பிரதமராக இருந்தபோது 1957இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தில், தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தருகிற பிராந்திய சபை என்ற யோசனை இருந்தது. 1958இல் அது கிழிக்கப்பட்டது. லடாக்குக்கு ஒரு நடுவழி தேடிப் பீக்கிங் வரை போகமுடிந்த ஒருவருக்கு, கைவசம் எழுதி வைத்திருந்த அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

அம்மப்பா இந்தச் செய்திகளை ஊரில் பெரிய வயல்காரரான போடியார் வீட்டு வானொலியில்தான் கேட்டாராம். பல வருடங்களுக்குப் பிறகு, நான் பள்ளிக்கூடத்தில், எந்த வல்லரசின் பக்கமும் சேராத அணிசேராக் கொள்கையைப் படித்துவிட்டு வந்து அவருக்கு உற்சாகமாகச் சொன்னபோது, வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அந்த அம்மா கெட்டிக்காரிதான் மனே. ஆனா சீனா வரைக்கும் போய்ப் பேசினவ நம்மட கச்சேரி வாசலுக்கு வரல்லியே." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் வருகிற மாதிரியான வருத்தம் அது.

1964 ஒப்பந்தத்தைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாக எழுதவேண்டும். இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், ஒக்டோபர் 30. மலையகத் தோட்டங்களில் இந்திய வம்சாவளியில் வந்து, எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் நாடற்றவர்களாக இருந்தவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். பத்து வருடத்துக்குப் பிறகு இந்திராகாந்தியும் சிறிமாவோவும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். இராஜதந்திரப் புத்தகங்களில் இதை அவருடைய பெரிய வெற்றிகளில் ஒன்றாக எழுதியிருப்பார்கள். நேரு காலத்தில் தீராத சிக்கலை இரண்டு அயல்நாட்டுத் தலைவர்கள் சண்டை சச்சரவு இல்லாமல் தீர்த்தார்கள் என்று.

நான் வளர்ந்த தெருவில் ஒரு அம்மா இருந்தார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பம். அவருக்கு ஒரு அண்ணன். அண்ணனுடைய பெயர் இந்தியப் பட்டியலில், இவருடைய பெயர் இலங்கைப் பட்டியலில். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்தவர்கள். அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கூடலூரில் தேயிலை பறிக்கத்தான் போனார். அங்கே அவரைச் சிலோன்காரர் என்று கூப்பிட்டார்களாம். இங்கே அவருடைய தங்கையைத் தோட்டக்காட்டாள் என்று கூப்பிட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கூப்பிட்டவர்கள் சிங்களவர் இல்லை. எங்கள் ஆட்கள்தான். அந்த வெட்கம் எங்களுடையது, அதை யார் தலையிலும் கட்டமுடியாது.

களத்தில் சூடடித்து முடிந்ததும் நெல்லை அளந்து பங்கு பிரிப்போம். போடியாருக்கு இவ்வளவு, வேலை செய்தவர்களுக்கு இவ்வளவு என்று. நெல்லுக்கு வாய் இல்லை, ஆகவே அதைக் கேட்கத் தேவையில்லை. 1964இல் பிரிக்கப்பட்டது மனிதர்கள். அவர்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள், தொழிற்சங்கங்கள் இருந்தன. ஆனால் கணக்கை எழுதியவர்கள் டில்லியிலும் கொழும்பிலும் இருந்தவர்கள். நாடற்ற நிலை கடைசியாகச் சட்டத்தில் தீர்ந்தது 2003இல். அதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது.

1971 விசயத்தை நான் விரிக்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் 16இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இலங்கை கொண்டுவந்த யோசனைப்படி, இந்து சமுத்திரத்தை சமாதான வலயமாகப் பிரகடனம் செய்தது. நல்ல காரியம். அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அதற்கு முந்திய மாதங்களில் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. அவற்றில் படையினரும் போனார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே இருந்தது. ஒரு பக்கம் சமாதான வலயம், இன்னொரு பக்கம் இது. தங்கள் மொழிக்காக எழுந்த வங்காள மக்களைப் பற்றிக் கொழும்பு என்ன நினைத்தது என்பதை அந்த விமானங்களில் நான் பார்க்கிறேன். கச்சதீவைப் பற்றிப் பேசுவதை யாழ்ப்பாண, மன்னார் கடற்றொழிலாளருக்கு விட்டுவிடுகிறேன், அவர்களுக்குத்தான் அது அன்றாடச் சோறு.

1976க்கு வருவோம். ஆகஸ்ட் 16 முதல் 19 வரை அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில். சீனா நன்கொடையாகக் கட்டித்தந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் இந்திராகாந்தியும் டிட்டோவும் இருந்தார்கள். உலகத்தின் பாதி அங்கே இருந்தது என்று சொல்லலாம். அதற்கு மூன்று மாதம் முன்னால், மே 14இல், வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுக்கப்பட்டது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் யார்? 1961இல் மொழி கேட்டுப் பாயில் இருந்தவர்கள். இடையில் 1972 அரசியலமைப்பு வந்தது. தமிழ்த் தரப்புக் கொடுத்த திருத்தங்களை ஏற்காமலே அது நிறைவேறியது. வல்லரசுகள் சின்ன நாடுகளின் குரலைக் கேட்கவேண்டும் என்பதுதான் அணிசேரா இயக்கத்தின் உயிர். அந்த ஒரு கொள்கையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்திருந்தால் வட்டுக்கோட்டை நடந்திருக்காது என்று நான் மனதார நம்புகிறேன்.

உள்ளே பேசாத பேச்சு பிறகு வெளியே போனது. திம்புவில் பேச்சு, டில்லியில் பேச்சு, கடைசியில் 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தம். அதில் கூட எங்கள் கிழக்குக்கு ஒரு வாக்குறுதி எழுதியிருந்தார்கள். வடக்கோடு இணைந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவோம் என்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் யாரையும் ஒருநாளும் கேட்கவில்லை. 2006இல் நீதிமன்றத் தீர்ப்போடு இணைப்பும் போனது. சேர்த்தபோதும் கேட்கவில்லை, பிரித்தபோதும் கேட்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறாய் என்று ஒரு மச்சான் உள்பெட்டியில் கேட்டுவிட்டார். ஏனென்றால் இப்போதும் எங்களைப் பற்றி ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது கைச்சாத்தான உடன்படிக்கைகளில் ஒன்று கிழக்கு மாகாணத்துக்கான உதவித்திட்டம், ஏறத்தாழ 240 கோடி ரூபா. இன்னொன்று திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது. உதவி வருவது நல்லது, போருக்குப் பிறகு இந்திய உதவியில் கட்டிய வீட்டில் என் சித்தி குடும்பம் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த 240 கோடியில் எந்த ஊரில் என்ன செய்யப்போகிறார்கள் என்ற பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலக வாசலிலும் ஒட்டுங்கள். வாகரைக்காரரிடமும் திருக்கோவில்காரரிடமும் அக்கரைப்பற்றுக்காரரிடமும் இது உங்களுக்கு வேண்டுமா என்று ஒரு கூட்டம் வைத்துக் கேளுங்கள். வெளிவிவகாரம் இப்போது சனாதிபதி பார்க்கிற விசயம் என்றாலும், பிரதமர் ஹரிணி மக்களோடு பேசத் தெரிந்தவர், அவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.

லண்டன் படத்தைப் பகிர்கிறவர்கள் தாராளமாகப் பகிருங்கள். அதோடு இன்னொரு படமும் வேண்டும். எங்கள் வீட்டில் அம்மப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்தது. கச்சேரி வாசலில் அவர் இருந்த படம் இல்லை, அந்தப் பன்பாயும் 1978 சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பெட்டியில், 1961 மட்டக்களப்புச் சத்தியாக்கிரகப் படம் ஏதாவது கிடந்தால் கீழே கருத்தில் போடுங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை. யார் எந்த ஊர் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.