ஆறு மாதக் கெடு யார் வைத்தது?

"ஆறு மாதம் தாண்டிவிட்டது, இனி இந்தக் கை வராது." பக்கவாதம் வந்த ஏழாவது மாதம், அம்மா முன்னாலேயே ஒரு மருத்துவர் இப்படிச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா வலது கையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்ய ஆரம்பித்தார். அந்த வார்த்தை மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் வேகம் குறையும், இது உண்மைதான். ஆனால் குறைவதும் நின்றுபோவதும் ஒன்றா? லண்டன் குவீன் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கை தேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிட என்னை உலுக்கியது எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது. ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டியதும் குரங்கு அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் விட்ட கையை மறுபடி எடுத்தது! முயன்று முயன்று தோற்ற கையை ஒதுக்கிவைக்க மூளை பழகிவிடுகிறது, அம்மாவின் மடியில் கிடந்த கையைப் போல. 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரில் ஒரு பகுதியினருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டி இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அது தெரிந்தது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைபவர்களுக்குத்தான் இந்த முறை.

சரி, நடைமுறையில் என்ன கிடைக்கிறது? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 312 சிகிச்சை அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு அமர்வில் கையால் ஏதாவது ஒரு வேலையைச் செய்து பழகியது சராசரியாக 32 தடவை. பயிற்சியால் மூளை மாறுவதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கில்! இவ்வளவு குறைவாகக் கொடுத்துவிட்டு "உங்களுக்கு இவ்வளவுதான்" என்று நோயாளியிடம் சொல்வது அநியாயம்.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்க வைக்காதீர்கள். 2,104 பேரை வைத்து நடந்த அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடக்கவிட்டவர்கள் மூன்று மாதம் கழித்து மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். எப்போது, எவ்வளவு என்பதைச் சிகிச்சை தருபவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்போது வரும் பிசியோதெரபிஸ்ட் முதல் நாளே ஒரு நோட்டு கேட்டார், எண்ணி எழுத. நேற்று அம்மா 240 தடவை டம்ளரை எடுத்து வைத்தார். விரல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. ஆனால் கை மடியில் இல்லை, மேசை மேல் இருக்கிறது.