பத்து நாள் ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

குறுகிய கால மிஷன் பயணத்தில் தயங்காமல், வெளிப்படையாக இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்லுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த வாஞ்சைக்கு ஆமென். ஆனால் போவது எந்த நாடு என்று பார்க்க வேண்டும்.

பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து 2019இல் ஒன்பது பேர் காத்மாண்டு போனோம். நமக்கு விசா வேண்டாம் என்பதால் நேபாளத்தைப் பக்கத்து ஊர் மாதிரி நினைத்துவிடுகிறோம். 2018இல் அமலுக்கு வந்த அங்குள்ள குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்ற முயன்றாலே 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடுகடத்தல்.

எங்களில் ஒரு தம்பி சந்தையில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்து, அதைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். நாங்கள் பத்திரமாக ஊர் திரும்பினோம். விசாரணைக்குப் போய் நின்றது அங்குள்ள பாஸ்டர். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

அங்கே சனிக்கிழமைதான் ஆராதனை. முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தங்கிய வீட்டுப் பாட்டி, "கண்ணை மூடி யாரிடம் பேசினாய்?" என்று கேட்டார். அரைகுறை இந்தியில் என் இயேசுவைப் பற்றிச் சொன்னேன். அவராகக் கேட்டார், நான் பதில் சொன்னேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன உண்மையான சாட்சி அது ஒன்றுதான்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு முதலில் தமிழ் படிக்கத்தான் உட்கார்ந்தார். பத்து நாள் போகிற பிள்ளைகள் நாலு வரி நேபாளியாவது கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், யாருடைய முகத்தையும் இணையத்தில் போடாதீர்கள், தயவுசெய்து.